மீட்டரில் 1.15, ரிப்போர்ட்டில் 1.14: எண்ணை எங்கே, எப்படி வெட்டுவது?

வாசகர் கேள்வி:

"கிருஷ்ணகிரிக்காரன். பெங்களூரு பீன்யாவில் ஒரு கேபிள் டெஸ்டிங் லேபில் வேலை. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, பைத்தான் நானாகப் படித்தது. மீட்டர் தரும் சிஎஸ்வி ஃபைலைப் படித்து ரிப்போர்ட் போடும் ஸ்கிரிப்டை என்னிடம் எழுதச் சொன்னார்கள். எங்கள் சார் சொன்னது ஒன்றுதான்: 'மூணு சிக்னிஃபிகன்ட் டிஜிட் போதும். ரவுண்ட் பண்ணாதே, மிச்சத்தை வெட்டிடு.' முதலில் எண்ணை ஸ்ட்ரிங்காக்கி முன்னால் உள்ள எழுத்துகளை மட்டும் எடுத்தேன். 0.0000123 ஆம்பியர் லீக்கேஜ் கரண்ட், ரிப்போர்ட்டில் 1.23 ஆம்பியர் என்று வந்து மானம் போனது. பிறகு லாக் போட்டு, பத்தின் அடுக்கால் பெருக்கி, இன்ட் போட்டு, திரும்ப வகுத்தேன். இப்போது 1.15 என்பது 1.14 ஆகிறது. 8.2-இல் ஜீரோ ரீடிங் 0.2-ஐக் கழித்தால் 8.00 வர வேண்டும்; 7.99 வருகிறது. 0.00456 வெறும் 0.0045 ஆகிறது. 2.50 என்று வர வேண்டிய இடத்தில் 2.5 நிற்கிறது. எங்கே தப்பு?"

பதில்:

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்வி ஒன்று, கேட்காத கேள்வி ஒன்று. எண் ஏன் தப்பாக வெட்டுப்படுகிறது என்பது கேட்டது. அதை வெட்டலாமா என்பது கேட்காதது. இரண்டாவதுதான் உங்கள் லேபுக்குப் பெரிய விஷயம். ஆனால் முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதைப் பேச முடியாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1.15 என்று நீங்கள் எழுதும் எண் பைத்தானின் ஃப்ளோட்டுக்குள் 1.15 ஆகப் போய் உட்காருவதில்லை. ஃப்ளோட் என்பது இரண்டின் அடுக்குகளால் ஆன எண். 53 பிட் இடம்தான் அதற்கு உண்டு. கீழ் எண்ணில் (பகுதியில்) இரண்டின் அடுக்கு மட்டுமே இருக்கும் பின்னங்கள்தான் அதில் மிச்சமில்லாமல் அடங்கும். 0.5, 0.25, 0.375 எல்லாம் அடங்கிவிடும். 1.15 என்பது 23/20. இருபதுக்குள் ஒரு 5 ஒளிந்திருக்கிறது, அதனால் இரும எண்ணில் அது முடியவே முடியாது. 53 பிட்டோடு நிறுத்தினால் கிடைப்பது 1.14999999999999991118… என்று போகும் ஒரு எண். திரையில் 1.15 என்று தெரிவதற்குக் காரணம், அதே ஃப்ளோட்டைத் திரும்பத் தரக்கூடிய மிகக் குறுகிய எழுத்து வடிவத்தை பைத்தான் 3.1-இலிருந்து தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது என்பதுதான். உள்ளே இருப்பது 1.15-க்கு ஒரு மயிரிழை கீழே. நூறால் பெருக்கினால் 114.99999999999999. இன்ட் போட்டால் 114. வகுத்தால் 1.14. உங்கள் ஸ்கிரிப்ட் சொன்னதைச் செய்திருக்கிறது.

இதே ஃப்ளோட்டை வைத்து ஊரில் எல்லோரும் ரவுண்ட் செய்கிறார்களே, அவர்களுக்கு ஏன் இந்தத் தொல்லை வருவதில்லை? ரவுண்ட் செய்யும்போது விளிம்பு இரண்டு எண்களுக்கு நட்டநடுவில் இருக்கிறது. 1.145, 1.155 போன்ற இடங்களில்தான் இப்பக்கமா அப்பக்கமா என்ற தகராறு. 1.15 அந்த விளிம்புகளிலிருந்து வெகு தூரத்தில் பத்திரமாக நிற்கிறது. பதினாறாவது இலக்கத்தில் ஒரு தூசி கூடினாலும் குறைந்தாலும் பதில் மாறாது. வெட்டும்போது விளிம்பு சரியாக 1.15-இன் மேலேயே இருக்கிறது. 8.00-இன் மேல், 2.50-இன் மேல். அதாவது மீட்டர் காட்டும், மனிதர்கள் எழுதும் எல்லா நல்ல எண்களும் விளிம்பின் நுனியில் நிற்கின்றன; மயிரிழை கீழே சாய்ந்தால் ஒரு முழு இலக்கம் போகிறது. ஃப்ளோட்டை வைத்துக்கொண்டு ரவுண்ட் செய்வதைவிட வெட்டுவது பல மடங்கு ஆபத்தானது என்பது இதனால்தான்.

இதற்கு ஒரு கைவைத்தியம் புழக்கத்தில் இருக்கிறது: வெட்டுவதற்கு முன் ஒரு சின்ன எண்ணைக் கூட்டிவிடுவது. 0.0000001 கூட்டினால் 1.15 பிழைத்துக்கொள்ளும்; உங்கள் லீக்கேஜ் கரண்ட் 0.0000123 என்பது 0.0000124 ஆகிவிடும். எதிர்மறை எண் வந்தால் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். இந்த வழிக்குப் போக வேண்டாம்.

மற்ற மூன்று தவறுகளும் சின்னவை. 0.00456-இன் லாக் −2.34. அதை இன்ட்டுக்குள் போட்டால் −2 வருகிறது, ஏனென்றால் இன்ட் எப்போதும் பூச்சியத்தை நோக்கி வெட்டும். உங்களுக்கு வேண்டியது −3. அதைத் தருவது ஃப்ளோர். ஒன்றுக்குக் குறைவான எண்களில் மட்டும் ஒரு இலக்கம் காணாமல் போவதன் காரணம் அதுதான். லீக்கேஜ் கரண்ட் கதையில், 0.0001-க்குக் கீழே போனதும் பைத்தான் எண்ணை அடுக்கு வடிவத்தில் எழுதத் தொடங்கிவிடும். நீங்கள் முன்பாதியை எடுத்துக்கொண்டு "பத்தின் −5 அடுக்கு" என்ற வாலை வெட்டிவிட்டீர்கள். ஸ்ட்ரிங்கை நேரடியாக நறுக்கும் எந்த முறையிலும் இது காத்திருக்கும் குழி. 2.50 விஷயம் இன்னும் எளிது: ஃப்ளோட்டுக்குக் கடைசிப் பூச்சியம் என்ற ஒன்று கிடையாது. 2.5-உம் 2.50-உம் அதற்கு ஒரே எண். ஆனால் முக்கிய இலக்கத்தில் (உங்கள் சார் சொன்ன சிக்னிஃபிகன்ட் டிஜிட்; பூச்சியமல்லாத முதல் இலக்கத்திலிருந்து எண்ணுவது) அந்தப் பூச்சியத்துக்கு விலை உண்டு.

ஆக, மூன்று முக்கிய இலக்கத்துக்கு வெட்டுவது என்பது எழுதப்பட்ட தசம இலக்கங்களின் மேல் செய்யும் வேலை. அதைத் தசம எண்ணிலேயே செய்யுங்கள். பைத்தானில் அதற்கென்றே டெசிமல் என்ற மாட்யூல் கூடவே வருகிறது. தனியாக நிறுவ வேண்டியதில்லை.

படிப்பதிலிருந்தே கவனம் வேண்டும். பைத்தானின் சாதாரண சிஎஸ்வி மாட்யூல் எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காகத்தான் தரும், நல்லது. பாண்டாஸ் என்ற லைப்ரரியைப் பயன்படுத்தினால் அது கேட்காமலேயே ஃப்ளோட்டாக மாற்றிவிடும். படிக்கும்போதே டிடைப் ஸ்ட்ரிங் என்று சொல்லிவிடுங்கள். வந்த ஸ்ட்ரிங்கின் முன்பின் இடைவெளியைச் சுரண்டி, ஆயிரத்துக்கு நடுவே கமா இருந்தால் எடுத்துவிட்டு, அப்படியே டெசிமலிடம் கொடுங்கள். மேற்கோள்குறிக்குள் உள்ள 1.15-ஐக் கொடுத்தால் சரியாக 1.15 கிடைக்கும். மேற்கோள்குறி இல்லாமல் 1.15 என்ற ஃப்ளோட்டைக் கொடுத்தால், டெசிமல் நேர்மையாக அந்த 1.1499999…-ஐ கடைசி இலக்கம் வரை எடுத்துவைக்கும். அதை வெட்டினால் மறுபடியும் 1.14. டெசிமலுக்கு மாறியும் தீரவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். தடுக்க ஒரு வழி இருக்கிறது: டெசிமல் கான்டெக்ஸ்ட்டின் ட்ராப்புகளில் ஃப்ளோட் ஆபரேஷன் என்ற ஒன்று உண்டு, அதை ட்ரூ ஆக்கிவிட்டால் யாராவது தவறி ஃப்ளோட்டைக் கொடுத்த உடனே ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடும்.

கணக்கு முழுவதும் டெசிமலிலேயே நடக்கட்டும். மேற்கோள்குறிக்குள் உள்ள 8.2, 0.2 இரண்டையும் டெசிமலாக்கிக் கழித்தால் சரியாக 8.0. ஃப்ளோட்டில் அது 7.999999999999999, அதனால்தான் 7.99. மாறிலிகளையும் ஸ்ட்ரிங்காகவே கொடுங்கள். டெசிமலையும் ஃப்ளோட்டையும் கூட்டவோ பெருக்கவோ முயன்றால் பைத்தான் டைப் எரர் கொடுக்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அது உங்களுக்காக வாசலில் நிற்கும் காவல்காரன். ஃப்ளோட் என்று மாற்றி அதன் வாயை அடைக்காதீர்கள்.

வெட்டும் ஃபங்ஷனுக்கு நாலைந்து வரிதான். வந்த மதிப்பு முடிவுள்ள எண்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, டெசிமல் எண்ணின் அட்ஜஸ்டட் என்ற மெத்தடைக் கூப்பிட்டால் முதல் முக்கிய இலக்கம் பத்தின் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று முழு எண்ணாகச் சொல்லும். 1.15-க்கு 0, 0.0000123-க்கு −5, 48657000-க்கு 7. லாக் வேண்டாம், எதிர்மறை எண்ணுக்குத் தனி ஏற்பாடு வேண்டாம். மூன்று இலக்கம் வேண்டுமென்றால் அதிலிருந்து 2 கழியுங்கள். வருவதுதான் கடைசி இலக்கத்தின் அடுக்கு. டெசிமல் ஒன்றை ஸ்கேல்பி மெத்தடால் அந்த அடுக்குக்கு நகர்த்தினால் ஓர் அளவுகோல் கிடைக்கும். 1.15-க்கு அது 0.01. குவான்டைஸ் மெத்தடுக்கு அந்த அளவுகோலையும், ரவுண்டிங் என்ற இடத்தில் ரவுண்ட் டவுன் என்ற மாறிலியையும் கொடுங்கள். கடைசியாக ஃபார்மேட்டில் எஃப் என்ற சிறிய எழுத்தைப் போட்டு ஸ்ட்ரிங்காக்குங்கள். எஃப் போடாவிட்டால் 48600000 என்பது 4.86 பெருக்கல் பத்தின் 7 அடுக்கு என்ற வடிவில் வந்து நிற்கும்.

குவான்டைஸ் கடைசிப் பூச்சியத்தையும் நிரப்பிக் கொடுக்கும் என்பதால் 2.5 உள்ளே போனால் 2.50 வெளியே வரும். கான்டெக்ஸ்ட்டில் துல்லியம் 3, ரவுண்ட் டவுன் என்று வைத்து கிரியேட் டெசிமல் கூப்பிடும் வழியும் உண்டு. அது சரியாக வெட்டும், ஆனால் பூச்சியம் நிரப்பாது. உங்கள் ரிப்போர்ட்டுக்கு குவான்டைஸ்தான் பொருத்தம்.

ரவுண்ட் டவுன், ரவுண்ட் ஃப்ளோர் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். −0.05678-ஐ ரவுண்ட் டவுன் −0.0567 ஆக்கும், அதுதான் வெட்டுவது. ரவுண்ட் ஃப்ளோர் −0.0568 ஆக்கும்.

பழைய ரீடிங்குகள் ஏற்கனவே ஃப்ளோட்டாகத்தான் கிடக்கின்றன, மூல ஃபைல் இல்லை என்றால்? மீட்டர் கொடுத்த எண் அப்படியே ஃப்ளோட்டாக மட்டும் மாறியிருந்தால் எஸ்டிஆர் போட்டு அந்த ஸ்ட்ரிங்கை டெசிமலுக்குக் கொடுத்தால் போதும். ரெப்ர் வேண்டாம், நம்பை என்ற கணக்கு லைப்ரரியின் 2-ஆம் பதிப்பிலிருந்து அதன் எண்களுக்கு ரெப்ர் போட்டால் முன்னால் டைப்பின் பெயரும் ஒட்டிக்கொண்டு வருகிறது, டெசிமல் அதை ஏற்காது. கழித்தல் பெருக்கல் எல்லாம் ஃப்ளோட்டில் நடந்து முடிந்திருந்தால், முதலில் 12 முக்கிய இலக்கத்துக்கு ரவுண்ட் செய்து ஸ்ட்ரிங்காக்குங்கள் (ஃபார்மேட்டில் புள்ளி 12 ஜி), பிறகு வெட்டுங்கள். 64 பிட் ஃப்ளோட்டில் 15 தசம இலக்கம் உறுதியாக நிற்கும். உங்கள் மீட்டர் ஆறு ஏழு இலக்கத்துக்கு மேல் தராது. நடுவில் 12-இல் கோடு போட்டால் கணக்கின் தூசி உதிர்ந்துவிடும், அளவீடு கெடாது. 7.999999999999999 அங்கேயே 8 ஆகிவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு. மாட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேசும் பல லாகர்கள் (ரீடிங்குகளைப் பதிவு செய்யும் கருவிகள்) 32 பிட் ஃப்ளோட்டாக அனுப்புகின்றன. அதில் 1.15 என்பது 1.149999976… ஆக வரும். 12 இலக்கத்துக்கு ரவுண்ட் செய்தால் 1.14999997616; வெட்டினால் பழையபடி 1.14. 32 பிட்டில் உறுதியான தசம இலக்கம் ஆறுதான். அந்த லாகர்களுக்கு 12-க்குப் பதில் 6 போடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. உங்கள் சாரிடம் இந்தப் பகுதியைக் காட்டினாலும் நல்லதுதான்.

கண்டக்டர் மின்தடைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 8130-இன் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முலாம் பூசாத செம்பு, கிளாஸ் 2 (பல இழை முறுக்கியது), 20 டிகிரி செல்சியஸில் கிலோமீட்டருக்கு அதிகபட்ச ஓம்: 2.5 ஸ்கொயர் எம்எம்முக்கு 7.41; 10-க்கு 1.83, 16-க்கு 1.15, 25-க்கு 0.727. எல்லாமே மூன்று முக்கிய இலக்கம். உங்கள் சார் மூன்று என்று சொன்னது இங்கிருந்து வந்திருக்கலாம், அது சரியே. ஆனால் இவை எல்லாம் மேல் வரம்புகள். மேல் வரம்பு உள்ள இடத்தில் வெட்டினால் எண் எப்போதும் கீழேதான் போகும், அதாவது பாஸ் ஆகும் பக்கமாகவே போகும். 1.159 ஓம் வந்த 16 ஸ்கொயர் எம்எம் கேபிள், வெட்டினால் 1.15, தேறிவிட்டது. ரவுண்ட் செய்தால் 1.16, தேறவில்லை. கேபிள் ஒன்றுதான், செம்பு ஒன்றுதான்.

உங்கள் கணக்கையே ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். ஒரு மீட்டர் சாம்பிள், அறை வெப்பநிலை 27 டிகிரி, மீட்டர் 1.187 மில்லிஓம் காட்டுகிறது. ஒரு மீட்டருக்கு மில்லிஓம் என்பதும் ஒரு கிலோமீட்டருக்கு ஓம் என்பதும் ஒரே எண். 20 டிகிரிக்குக் கொண்டுவர, செம்புக்கு 254.5-ஐ, 234.5-உம் வெப்பநிலையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்துப் பெருக்க வேண்டும். 254.5-ஐ 261.5-ஆல் வகுத்தால் 0.97323. பெருக்கினால் 1.15523.

இதைக் கடைசியில் ஒரே தடவை ரவுண்ட் செய்தால் 1.16. கடைசியில் ஒரே தடவை வெட்டினால் 1.15. ஒவ்வொரு படியிலும் மூன்று இலக்கத்துக்கு வெட்டிக்கொண்டே போனால் 1.18-ஐ 0.973-ஆல் பெருக்கி 1.148, பிறகு 1.14. ஒரே ரீடிங்குக்கு மூன்று பதில்கள், வரம்பு நடுவில். நீங்கள் இப்போது எந்தப் படியில் வெட்டுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஸ்கிரிப்ட்டில் வெட்டும் ஃபங்ஷன் எத்தனை இடத்தில் கூப்பிடப்படுகிறது என்று தேடுங்கள். ரிப்போர்ட்டில் எழுதும் அந்த ஒரே இடம் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது.

நம் நாட்டுத் தர நிர்ணயங்கள் இதை ஆளாளுக்கு விடவில்லை. எண்களை ரவுண்ட் செய்வதற்கென்றே ஐஎஸ் 2 என்று ஒரு தரம் இருக்கிறது. 1960-இலும் 2022-இலும் திருத்தப்பட்டது. பெரும்பாலான ஐஎஸ் ஆவணங்களின் முன்னுரைக் கடைசியில் ஒரு பத்தி வரும்: சோதனையில் கிடைத்த இறுதி மதிப்பைத் தரத்தோடு ஒப்பிடும்போது ஐஎஸ் 2-இன்படி ரவுண்ட் செய்ய வேண்டும், தரத்தில் உள்ள மதிப்பு எத்தனை இலக்கமோ அத்தனை இலக்கம் வைக்க வேண்டும் என்று. பலரும் படிக்காமல் தாண்டும் பத்தி. அது இருக்கும் தரத்துக்கு எதிராகச் சோதித்து, வெட்டிய எண்ணை ரிப்போர்ட்டில் போட்டால் ரிப்போர்ட் அந்தத் தரத்தின்படி இல்லை.

ஐஎஸ் 2-இன் விதி எளிது. விடப்படும் பகுதி பாதிக்குக் குறைவு என்றால் விட்டுவிடு, அதிகம் என்றால் ஒன்று கூட்டு, சரியாகப் பாதி என்றால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் போ. 1.145 என்பது 1.14, 1.155 என்பது 1.16. டெசிமலில் இதற்குப் பெயர் ரவுண்ட் ஹாஃப் ஈவன். ஒரே தடவையில் செய்ய வேண்டும் என்பதும் விதியில் உண்டு: 1.1549-ஐ முதலில் 1.155 ஆக்கி, அதைத் திரும்ப 1.16 ஆக்கினால் தப்பு. நேராகப் போனால் 1.15. வெட்டுவதில் இந்தச் சிக்கல் கிடையாது. ஐந்துக்கு வெட்டி மூன்றுக்கு வெட்டினாலும் நேரே மூன்றுக்கு வெட்டினாலும் ஒன்றே. வெட்டுதலுக்காகச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அது.

ரவுண்டுக்கு மாறும்போது மேலே சொன்ன ஃபங்ஷனில் ரவுண்ட் டவுனை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 9.996-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அட்ஜஸ்டட் 0 என்கிறது, அளவுகோல் 0.01, ரவுண்ட் செய்தால் 10.00, நான்கு இலக்கம் ஆகிவிட்டது. வர வேண்டியது 10.0. ஆகவே முதலில் துல்லியம் 3 வைத்த கான்டெக்ஸ்ட்டில் கிரியேட் டெசிமல் செய்து, அந்த விடைக்கு அட்ஜஸ்டட்டைப் புதிதாகக் கேட்டு, பிறகு குவான்டைஸ் செய்து பூச்சியம் நிரப்புங்கள். கான்டெக்ஸ்ட்டிலும் குவான்டைஸிலும் ஒரே ரவுண்டிங் முறையைக் கொடுத்தால் இந்த வடிவம் வெட்டுவதற்கும் அப்படியே பொருந்தும். ரவுண்டிங் முறையை மட்டும் வெளியிலிருந்து கொடுக்கும்படி ஒரே ஃபங்ஷனாக எழுதிவிடலாம்.

அப்படியானால் வெட்டவே கூடாதா? கீழ் வரம்பு உள்ள இடத்தில், உதாரணமாக மெகர் வைத்துப் பார்க்கும் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸில், வெட்டினால் எண் ஃபெயில் ஆகும் பக்கம் போகும், யாரையும் ஏமாற்றாது. அங்கும் தரம் ஐஎஸ் 2 என்றால் ஐஎஸ் 2தான். வாடிக்கையாளர் எழுத்தில் வெட்டச் சொல்லியிருந்தால், ரிப்போர்ட்டிலேயே அதைக் குறிப்பிட்டுவிட்டு வெட்டலாம். ரவுண்டும் இல்லாமல் வெட்டும் இல்லாமல், கிடைத்த மதிப்பை அப்படியே வரம்போடு ஒப்பிடும் முறையும் உண்டு. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் ஈ29 என்ற தரம் அதை ஒரு தனி முறையாகவே சொல்கிறது. அதன்படி 1.151 வந்தாலும் ஃபெயில். ஏற்றுமதி ஆர்டர்களில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவீட்டு நிச்சயமின்மையை (அளவீடு எவ்வளவு தள்ளிப்போயிருக்கலாம் என்ற கணக்கை) மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல்லின் அங்கீகாரம் உள்ள லேப் என்றால் அளவுத்திருத்தச் சான்றிதழில் அது அதிகபட்சம் இரண்டு முக்கிய இலக்கம், முடிவின் கடைசி இலக்கம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். 0.0129-ஐ வெட்டி 0.012 என்று போட்டால் உங்கள் அளவீடு உள்ளதைவிடத் துல்லியமானது என்று சொல்வதாகிவிடும். அங்கீகார எல்லையில் உள்ள குறைந்தபட்ச மதிப்புக்கும் கீழே போய்விடவும் வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் மேலே தள்ளுவதுதான் அங்கே முறை.

வெட்டிய எண்ணைத் திரும்பக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு நல்ல சாட்சி. 1982-இல் 1000 புள்ளியில் தொடங்கினார்கள். ஒவ்வொரு வர்த்தகத்துக்குப் பிறகும் மூன்றாம் தசம இடத்தில் வெட்டி, அந்த வெட்டிய எண்ணிலிருந்தே அடுத்ததைக் கணக்கிட்டார்கள். 1983 நவம்பரில் குறியீடு சுமார் 525-இல் நின்றது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தால் சுமார் 1099. ஒவ்வொரு தடவையும் போனது ஒரு புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ரவுண்ட் செய்தால் கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று ஈடுகட்டும். வெட்டினால் எல்லாம் ஒரே பக்கம். பத்து சாம்பிளின் சராசரி போடும்போதும் இதே கதைதான், சின்ன அளவில். சராசரியை மூல ரீடிங்குகளிலிருந்து போடுங்கள்.

ரிப்போர்ட் வெளியே போகும் வழியில் இன்னும் இரண்டு மூன்று ஓட்டைகள். 2.50 என்று அழகாக எழுதிய சிஎஸ்வியை எக்செல்லில் திறந்தால் அது 2.5 ஆகிவிடும், செல்லை டெக்ஸ்ட்டாக எழுதுங்கள், அல்லது ஓபன்பைஎக்செல் என்ற பைத்தான் லைப்ரரி வழியாக நம்பர் ஃபார்மேட்டைக் கொடுங்கள். எக்செல்லிலேயே வெட்ட வேண்டும் என்றால் ரவுண்ட்டவுன் ஃபங்ஷனில் இலக்க எண்ணிக்கையாக, 2-இலிருந்து லாக்10-இன் இன்ட்டைக் கழித்துக் கொடுங்கள். எக்செல்லின் இன்ட் கீழ்நோக்கிப் போகும், பைத்தானின் இன்ட் மாதிரி அல்ல, அதனால் ஃப்ளோர் தேவையில்லை. எதிர்மறைக் குறியை நீக்க லாக்குக்குள் ஆப்ஸ் போட மறக்காதீர்கள். வாடிக்கையாளர் பார்க்கும் வெப் பக்கம் ஏதாவது இருந்தால், ஜாவாஸ்கிரிப்ட்டின் டு பிரிசிஷன் வெட்டாது, ரவுண்ட் செய்யும். பிடிஎஃப்பில் ஓர் எண், திரையில் ஓர் எண் என்று ஆகும். பைத்தானில் ஒரு முறை ஸ்ட்ரிங்காக்கியதை ஜேசனிலும் ஸ்ட்ரிங்காகவே அனுப்புங்கள். யாராவது அந்தப் பக்கத்தை ஜாவாவில் எழுதினால் பிக்டெசிமலுக்கு ஃப்ளோட்டை நேராகக் கொடுக்காமல் ஸ்ட்ரிங்கைக் கொடுக்கச் சொல்லுங்கள். குழி அங்கேயும் அதேதான்.

48600000 ஓம் என்று எழுதினால் படிப்பவருக்கு எத்தனை இலக்கம் முக்கியம் என்று தெரியாது. 48.6 மெகாஓம் என்றால் சந்தேகமே இல்லை. 12.3 மைக்ரோஆம்பியர் என்று எழுதியிருந்தால் அந்த 1.23 ஆம்பியர் அவமானமும் வந்திருக்காது. அடுக்கை மூன்றின் மடங்காக வைத்துத் தருவதற்கு டெசிமலில் டு எஞ்ச் ஸ்ட்ரிங் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. ஆனால் 0.0000123 போன்ற எண்ணுக்கு அது அடுக்கே போடாது; அட்ஜஸ்டட் சொல்லும் அடுக்கைப் பார்த்து அலகின் முன்னொட்டைத் தேர்ந்தெடுங்கள்.

எண்ணே இல்லாதவை வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எஸ்சிபிஐ என்ற கட்டளை முறையில் கணினியோடு பேசும் மீட்டர்கள் அளவு மீறியபோது 9.9 பெருக்கல் பத்தின் 37 அடுக்கு என்ற எண்ணை அனுப்பும். உங்கள் ஃபங்ஷன் அதையும் பயபக்தியோடு வெட்டி, 99-க்குப் பின்னால் முப்பத்தாறு பூச்சியம் போட்டு ரிப்போர்ட்டில் ஏற்றிவிடும். அந்த மதிப்பு வந்தால் "அளவு மீறியது" என்று எழுதி நிறுத்துங்கள். வெறும் பூச்சியத்துக்கு முக்கிய இலக்கம் என்பதே கிடையாது. மீட்டரின் ரெசல்யூஷன் எத்தனை தசம இடமோ அத்தனை இடம் காட்டுவதே முறை.

சோதிக்க இவை போதும், வெட்டும் முறையில்: 1.15 → 1.15; 1.159 → 1.15, 2.5 → 2.50, 9.999 → 9.99; 0.00456 → 0.00456, 0.0000123 → 0.0000123, −0.05678 → −0.0567, 48657000 → 48600000, 8.2-இல் 0.2 கழித்தது → 8.00. ஐஎஸ் 2 முறையில்: 1.145 → 1.14, 1.155 → 1.16; 1.1549 → 1.15, 9.996 → 10.0. இவற்றை ஒரு டெஸ்ட் ஃபைலாக ஸ்கிரிப்ட்டோடு வைத்து, தேதி போட்டு, முடிவைச் சேமியுங்கள். சோதனை லேப்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ/ஐஈசி 17025-இன் 7.11 பிரிவு, லேப் சொந்தமாக எழுதிய மென்பொருளைப் பயன்பாட்டுக்கு விடுமுன் சரிபார்த்திருக்க வேண்டும் என்கிறது. ஆடிட்டர் கேட்டால் காட்ட இது உதவும்.

ஏற்கனவே போன ரிப்போர்ட்டுகள் இருக்கின்றனவே. மூல சிஎஸ்விகளைப் புதிய ஸ்கிரிப்ட்டில் திரும்ப ஓட்டி, பழைய எண்ணும் புதிய எண்ணும் மாறும் வரிகளை மட்டும் பட்டியல் எடுங்கள். அதில் மேல் வரம்பை ஒட்டியவற்றை முதலில் பாருங்கள்: 16 ஸ்கொயர் எம்எம்மில் பழைய ரிப்போர்ட் 1.14 அல்லது 1.15 என்று சொன்ன எல்லாம், 10-இல் 1.82, 1.83, 25-இல் 0.726, 0.727. பாஸ் ஃபெயில் மாறுகிறதென்றால் அதைச் சாரிடம் எழுத்தில் கொடுங்கள். திருத்திய ரிப்போர்ட் கொடுக்கும்போது எது மாறியது, ஏன் மாறியது என்று அதிலேயே தெரிய வேண்டும்; அது 17025-இன் 7.8.8. பழைய ஃபைலின் மேலேயே புதியதை எழுதிவிடாதீர்கள்.